விடுட்டி, நமக்கு எதுக்கு வம்பு

2018 செப்டம்பரில் அம்மா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மா அமெரிக்கக் குடியுரிமை பெற்று நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உறுதிமொழி எடுத்த அன்றைக்கே, அரங்கத்துக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த தன்னார்வலர்களிடம் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். நவம்பரில் ஜார்ஜியா மாநில ஆளுநர் தேர்தல். அம்மாவின் முதல் அமெரிக்க ஓட்டு என்று வீட்டில் ஒரே பேச்சாக இருந்தது. அப்போதுதான் இந்தக் கடிதம். குடியுரிமை விவரம் அரசுப் பதிவேட்டோடு பொருந்தவில்லை, சான்று காட்டும்வரை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் என்று எழுதியிருந்தது.

நான் வாசித்துத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துவிட்டாள்.

"விடுட்டி. நமக்கு எதுக்கு வம்பு? ஓட்டுப் போடலைன்னா என்ன குடியா முழுகிரும்?"

அம்மா பயந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டிக் குடும்பத்தை இழுத்தவள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தெருமுனை வரை கேட்கிற குரலில் நியாயம் கேட்பாள். அப்படிப்பட்டவள் இரண்டு பத்தி ஆங்கிலத்துக்கு முன்னால் சுருங்கிப் போனாள். கேள்வி கேட்கப் போய், கொடுத்த குடியுரிமையையே திருப்பிப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அவளுக்குப் பயம். பல நாள் கழித்துத்தான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

என்ன நடந்தது என்று விசாரித்தபின் புரிந்தது. கிரீன் கார்டில் இருந்த காலத்தில் அம்மா ஒரு மாநில அடையாள அட்டை வாங்கியிருந்தாள். அந்தப் பதிவில் அவள் வெளிநாட்டவர். குடியுரிமை கிடைத்ததும் அது தானாக மாறிவிடாது, நாமே போய் மாற்ற வேண்டும். வாக்காளர் விண்ணப்பத்தைக் கணினி அந்தப் பழைய பதிவோடு ஒப்பிட்டது. பொருந்தவில்லை. ஓரமாக எடுத்து வைத்துவிட்டது. அம்மாவை யாரும் குறிவைக்கவில்லை. சான்றிதழை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண்மணி அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லி, பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்தார்.

பத்தே நிமிட வேலைதான். ஆனால் அதற்கு ஒரு கார் வேண்டும். வேலை நாளில் விடுப்பு எடுக்கக்கூடிய ஒரு மகள் வேண்டும். கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், "விடுட்டி" என்கிற அம்மாவை விடாமல் கிளப்ப வேண்டும். நான் மட்டும் அன்று வீட்டில் இல்லாமலிருந்தால் அந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கும். அம்மாவின் ஓட்டு பறிபோனதாக எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. அவளே வேண்டாம் என்று இருந்துவிட்டதாகத்தான் உலகத்துக்குத் தெரிந்திருக்கும். ஏழு வருடமாக என் மனதில் கிடந்து அரிப்பது இதுதான்.

அந்த அக்டோபரில்தான் செய்தி வந்தது. ஜார்ஜியாவில் சுமார் 53,000 பேரின் விண்ணப்பங்கள் இதேபோல நிலுவையில் கிடந்தன. அதில் கிட்டத்தட்ட 70 விழுக்காடு கறுப்பினத்தவர். மாநில மக்கள்தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். 'எக்சாக்ட் மேட்ச்' என்று அந்த விதிக்குப் பெயர். விண்ணப்பத்தில் உள்ளதும் அரசுப் பதிவில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு ஹைஃபன் விட்டுப்போனாலும் நிலுவைதான். இனிஷியலோடு பிறந்து, பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி, விசாவில் ஒரு மாதிரியும் லைசென்ஸில் ஒரு மாதிரியும் எழுதப்பட்ட நம்மைப் போன்றவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் குடியுரிமை பெற்ற 3,000-க்கும் மேற்பட்டோர் அம்மாவைப் போலவே 'குடிமக்கள் இல்லை' என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். வாக்குச்சாவடியிலேயே சான்றிதழைக் காட்டி அவர்கள் ஓட்டுப் போடலாம் என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட்டபோது தேர்தலுக்கு நான்கே நாள் இருந்தது. அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி, பெயர்ப் பொருத்தக் கெடுபிடியைப் பெருமளவு தளர்த்தினார்கள். குடியுரிமைச் சோதனை மட்டும் அப்படியே இருந்தது.

அம்மா குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த நாட்களைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 55 வயது தாண்டி, 15 ஆண்டுகள் கிரீன் கார்டில் இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. வரலாறு, அரசியலமைப்புக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சொந்த மொழியிலேயே பதில் சொல்லலாம். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. நூறு கேள்விகளையும் தமிழில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தேன். காலையில் காபியோடு உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். யாருக்கு ஓட்டுரிமை என்பது பற்றி நான்கு அரசியலமைப்புத் திருத்தங்கள் இருக்கின்றன, ஒன்றைச் சொல்லுங்கள் என்று அதில் ஒரு கேள்வி. ஓட்டுப் போடுவதற்கு வரி கட்ட வேண்டியதில்லை என்பது ஏற்கப்படும் பதில்களில் ஒன்று.

அம்மா நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்: "ஓட்டுப் போட வரியா? இந்த ஊர்லயா?"

இந்த ஊரில்தான். அலபாமாவில் ஆண்டுக்கு ஒன்றரை டாலர். அந்த வரியைக் கூட்டாட்சித் தேர்தல்களில் ஒழித்த 24ஆம் திருத்தம் வந்ததே 1964இல். அம்மா யோசித்தாள். அவள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1971இல். அப்போது வாக்களிக்கும் வயது 21. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றதாகச் சொல்வாள். யாரும் அவளைத் தேர்வெழுதச் சொல்லவில்லை, காசு கேட்கவில்லை. விரலில் மை வைத்து அனுப்பினார்கள். அதற்கு ஆறே ஆண்டுகளுக்கு முன்புவரை, உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த நாட்டில் அவள் வயதுப் பெண்கள் ஓட்டுக்காக அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம் என்று அப்போதே நினைத்தேன்.

அட்லாண்டாவிலிருந்து அலபாமாவில் உள்ள செல்மாவுக்கு மூன்றரை மணி நேரப் பயணம். ஓட்டுரிமைப் போராட்டத்தில் பேர் வாங்கிய ஊர். 2025 வசந்தத்தில், ஆண்டு நினைவு விழாவின் கூட்டமெல்லாம் கலைந்தபின் ஒரு சாதாரண வார நாளில் போனோம். கடைகள் பாதி பூட்டிக் கிடந்தன. 2023 ஜனவரியில் அடித்த சூறாவளியில் கூரை போன வீடுகள் சில இன்னும் அப்படியே நின்றன. ஊரின் முனையில் அலபாமா ஆற்றின் மேல் அந்தப் பாலம். உள்நாட்டுப் போரில் அடிமை முறையின் பக்கம் நின்ற கான்ஃபெடரேட் படையின் தளபதியாகவும், வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவராகவும் இருந்த எட்மண்ட் பெட்டஸின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. நடுவில் முதுகு போல உயர்ந்த பாலம் அது. இந்தப் பக்கமிருந்து ஏறும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உச்சிக்குப் போனதும் நின்று மூச்சு வாங்கினாள்.

1965 மார்ச் 7ஆம் தேதி, கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கேட்டுக் கிளம்பிய நடைப்பயணம் இதே இடத்துக்கு வந்தபோதுதான் முன்வரிசையில் நடந்த போராட்டத் தலைவர்கள் ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் எதிரே லத்தியோடும் முகமூடியோடும் நின்ற காவலர் கூட்டத்தைப் பார்த்தார்கள். பின்னால் சுமார் 600 பேர். லூயிஸுக்கு 25 வயது. மண்டை உடைந்தது. உள்ளூரில் பல ஆண்டுகளாக ஓட்டுரிமைக்காக வேலை செய்துவந்த அமீலியா பாயின்டன் அடிபட்டு நினைவிழந்து சாலையில் கிடந்த புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அந்த நடைப்பயணத்துக்குக் காரணமே ஒரு மரணம். பக்கத்து ஊரான மேரியனில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை ஒரு மாநிலக் காவலர் சுட்டதில் அவர் இறந்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, நீதிமன்ற அனுமதியோடும் ராணுவப் பாதுகாப்போடும் 54 மைல் நடந்து மாநிலத் தலைநகர் மான்ட்கோமரி போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள். செல்மா இருக்கும் டல்லஸ் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாக்களிக்கும் வயதுக் கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். பட்டியலில் இருந்தவர்கள் 156 பேர். 1961இல் நீதித்துறை அமைச்சகமே அங்கு வழக்குப் போட்டது. சாதாரண ஆள் இல்லை, அமெரிக்க அரசாங்கம். வழக்கு நடந்தது, மேல்முறையீடு நடந்தது, உத்தரவுகள் வந்தன. ஒரு வழியை நீதிமன்றம் அடைத்தால் பதிவு அதிகாரிகள் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். அதிலும் எழுத்தறிவுத் தேர்வு. 1965 ஜனவரியில் அந்த ஊர்க் கறுப்பின ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் நல்ல உடை உடுத்தி, சிறைக்குப் போகவும் தயார் என்று பல் துலக்கும் பிரஷ்ஷோடு நீதிமன்ற வாசலுக்கு ஊர்வலம் போனார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களே எழுத்தறிவுத் தேர்வில் தேறாத ஊர் அது. வழக்கு தொடங்கி மூன்று ஆண்டு கழித்து, 1964இல், பட்டியலில் இருந்தவர்கள் 383 பேர்.

156இலிருந்து 383. அரசாங்கமே வழக்காடிக் கிடைத்தது அவ்வளவுதான்.

இந்த அனுபவத்திலிருந்துதான் வாக்குரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பிறந்தது. அதை எழுதியவர்களின் கூர்மையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஒதுக்கிவைத்த வரலாறு உள்ள மாநிலங்களும் கவுன்ட்டிகளும் தேர்தல் விதி எதையும் மாற்றுவதற்கு முன்னால் நீதித்துறை அமைச்சகத்திடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். வாக்குச்சாவடியை ஒரு தெரு தள்ளி வைப்பதானாலும் சரி, தொகுதி எல்லையைத் திருத்துவதானாலும் சரி. இந்த மாற்றத்தால் எந்த இனத்தவருக்கும் பாதிப்பில்லை என்று நிரூபிக்க வேண்டியது மாற்றுகிறவர்களின் பொறுப்பு. பாதிக்கப்படுகிறவர் வக்கீல் பிடிக்க வேண்டியதில்லை, சாட்சி தேட வேண்டியதில்லை. தேர்தல் முடிந்தபிறகு வருகிற நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிசிசிப்பியில் 1965இல் கறுப்பினத்தவரில் 6.7 விழுக்காட்டினர்தான் வாக்காளர்கள். இரண்டே ஆண்டில் அது 59.8 ஆனது. இப்படி ஒரு தாவலை வேறு எந்தச் சட்டமும் செய்து நான் படித்ததில்லை.

சட்டத்துக்குக் கட்சி பேதமில்லாத ஆதரவும் இருந்தது. 2006இல் அதை 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தபோது செனட்டில் 98க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 390க்கு 33. கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் புஷ். ஏழு ஆண்டுகள் கழித்து, 2013 ஜூன் 25 அன்று, அலபாமாவின் ஷெல்பி கவுன்ட்டி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், யார் அனுமதி வாங்க வேண்டும் என்று வரையறுத்த 4ஆம் பிரிவின் சூத்திரத்தைச் செல்லாது என்றது. 5ஆம் பிரிவைத் தொடவே இல்லை. ஆனால் யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலே இல்லாத விதி இருந்தும் பயனில்லை. நாடு மாறிவிட்டது, பழைய கணக்கை வைத்து இன்றைக்குச் சில மாநிலங்களை மட்டும் தனியாக நடத்தக் கூடாது என்பது தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் வாதம். எதிர்த்துத் தீர்ப்பெழுதிய ரூத் பேடர் கின்ஸ்பர்க், கொட்டுகிற மழையில் நாம் நனையவில்லையே என்று குடையைத் தூக்கி எறிவதைப் போன்றது இது என்றார்.

மழை வர நேரம் ஆகவில்லை. தீர்ப்பு வந்த அன்றைக்கே, சில மணி நேரத்தில், அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டம் இனி நடைமுறைக்கு வரும் என்று டெக்சஸ் அறிவித்தது. வட கரோலினா அதே ஆகஸ்டில் ஒரு பெரிய சட்டத்தைக் கொண்டுவந்தது. முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களைக் குறைத்தது, அன்றே பதிவுசெய்து அன்றே ஓட்டுப் போடும் வசதியை எடுத்தது. கறுப்பின வாக்காளர்களை ஏறத்தாழ அறுவை சிகிச்சைத் துல்லியத்தோடு குறிவைத்திருக்கிறார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது 2016 ஜூலை ஆகிவிட்டது. அதற்குள் 2014 தேர்தல் வந்து போயிருந்தது. அதைத் திரும்ப நடத்த எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

ஊரில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, அடையாள அட்டை கேட்டால் என்ன தப்பு, நாமும் காட்டித்தானே ஓட்டுப் போடுகிறோம் என்பது. நியாயமான கேள்வி. நம் ஊரில் வாக்காளர் அட்டையைத் தேர்தல் ஆணையமே அடித்துக் கொடுக்கிறது. அது இல்லையென்றாலும் காட்டுவதற்கு வேறு பல ஆவணங்களின் பட்டியல் இருக்கிறது. டெக்சஸின் அந்தச் சட்டத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம், அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டையைக் காட்டிப் போட முடியாது. எந்த அட்டை யாரிடம் இருக்கும் என்று யோசித்துத்தான் பட்டியல் எழுதினார்கள் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு வாதம், கெடுபிடி இருந்தும் ஜார்ஜியாவில் வாக்குப்பதிவு குறையவில்லையே என்பது. மணிக்கணக்காக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். 2021இல் வந்த சட்டம், வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு யாரும் தண்ணீர் பாட்டில் கொடுப்பதையும் குற்றமாக்கியது. வெயிலில் நின்று ஜெயித்தவர்களின் உறுதியை எடுத்து, வெயிலே இல்லை என்பதற்குச் சாட்சியாக வைப்பது எந்த ஊர் நியாயம்? அதே சட்டம், ஒருவர் எத்தனை பேருடைய வாக்குரிமையை வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தது. அடுத்த ஆண்டுகளில் குவிந்த ஏறத்தாழ ஒரு லட்சம் ஆட்சேபங்களில் பெரும்பகுதியைப் போட்டவர்கள் ஆறே பேர். பெரும்பாலானவை தள்ளுபடியாயின. ஆனாலும் ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. சிலர் வீட்டுக்குக் கடிதம் போயிருக்கும். அங்கேயும் ஒரு அம்மா அதை நான்காக மடித்து வைத்திருப்பாள்.

எனக்குத் தெம்பு கொடுத்த கதை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குக் கடிதம் வந்த அதே 2018 கோடையில் நடந்தது. ஜார்ஜியாவின் தென்மேற்கில் ரேண்டால்ஃப் கவுன்ட்டி என்று ஒரு சின்னப் பகுதி. கறுப்பினத்தவர் பெரும்பான்மை, ஏழைகள் அதிகம், பேருந்து வசதி கிடையாது. மொத்தம் 9 வாக்குச்சாவடிகள். அதில் 7ஐ மூடிவிடலாம் என்று தேர்தல் குழுவுக்கு ஒரு யோசனை வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வசதி அந்தக் கட்டடங்களில் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். சாய்தளம் கட்டலாமே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். 2013க்கு முன்பாக இருந்தால் இந்த யோசனை வாஷிங்டனைத் தாண்டி வந்திருக்க வேண்டும். இப்போது குழு கையைத் தூக்கினால் போதும், முடிந்தது. ஆனால் அதற்குள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. கூட்டங்களுக்கு ஆட்கள் வந்து நிரம்பினார்கள். மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். உரிமை அமைப்புகளும் பத்திரிகைகளும் வந்தன. ஆகஸ்ட் 24 அன்று குழு கூடி அந்த யோசனையை நிராகரித்தது. கூட்டம் ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை.

நான் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த வெற்றிக்காக மட்டும் இல்லை. அங்கே விஷயம் வெளியே தெரிந்தது. தெரியாமலே எத்தனை இடத்தில் நடந்திருக்கும்? முன்பு அனுமதி தேவைப்பட்ட பகுதிகளில் 2012க்கும் 2018க்கும் இடையில் 1,688 வாக்குச்சாவடிகள் மூடப்பட்டதாக ஓர் உரிமைக் கூட்டமைப்பு எண்ணிச் சொன்னது. எல்லாமே கெட்ட நோக்கத்தில் மூடியவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றையும் பார்த்து ஏன் என்று கேட்க முன்பு ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. அவர் செய்த வேலையை யார் செய்வது?

2018க்குப் பிறகு எங்கள் பகுதித் தேர்தல் குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். சுவாரசியமான இடம் இல்லை. மடக்கு நாற்காலிகள், மங்கலான மைக், போன மாதக் கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல், அப்புறம் பிரிண்டர் வாங்கும் விவகாரம். பொதுமக்கள் இருக்கைகளில் பல மாதம் நான்கைந்து பேர்தான். நிகழ்ச்சி நிரலின் ஆறாவது வரியில் 'வாக்குச்சாவடி இடமாற்றம்' என்று மூன்று சொல் இருக்கும். எழுந்து கேட்டால் விளக்குவார்கள். பெரும்பாலும் நல்ல காரணமாகவே இருக்கும், பள்ளிக்கூடத்தில் கட்டட வேலை நடக்கிறது என்பதைப் போல. கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிவதே ஒரு காவல் என்று எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஓய்வுபெற்ற கறுப்பின ஆசிரியை சொல்வார். முப்பது வருடமாக வருகிறார். நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். நானும் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

நம்மவர்களிடம் இதைப் பேசினால் சிலர், இது அவர்கள் பிரச்சினை, நமக்கு எதுக்கு என்பார்கள். அம்மா சொன்ன அதே சொல். அவர்களுக்கு நான் இரண்டு விஷயம் சொல்வேன். 1965க்கு முன் இந்தியாவுக்கென்று அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100. நாடு பார்த்து, இனம் பார்த்து ஒதுக்கிய அந்த முறையை ஒழித்த சட்டம் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது. வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாலத்தில் அடிபட்டவர்கள் நாட்டின் மனசாட்சியை உலுக்கியிருக்காவிட்டால் அந்தக் கதவு அப்போது திறந்திருக்காது.

இரண்டாவது விஷயம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஃபோர்சைத் கவுன்ட்டி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பொங்கல் விழாவுக்கு அங்கேதான் போவோம். 1912இல் அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரை மிரட்டியும் வீடுகளைக் கொளுத்தியும் மொத்தமாக விரட்டியடித்தார்கள். அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த இடம். 1987 ஜனவரியில் அங்கு ஒரு சிறு ஊர்வலம் போனது. கல்லும் பாட்டிலும் வீசப்பட்டன. தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? ஹோசியா வில்லியம்ஸ். செல்மா பாலத்தில் முன்வரிசையில் நடந்த அதே மனிதர், 22 ஆண்டுகள் கழித்து. அடுத்த வாரமே 20,000 பேரோடு திரும்பி வந்தார். இன்றைக்கு அந்தக் கவுன்ட்டியில் ஆறில் ஒருவருக்கு மேல் ஆசியர். நம் பிள்ளைகள் பரதநாட்டியம் கற்கிற அந்தத் தெருக்களில் அவர் கல்லடி வாங்கியிருக்கிறார். நமக்கு எதுக்கு என்று நான் எப்படிச் சொல்வேன்?

கிடைத்த உரிமை கையிலேயே இருக்கும் என்றும் நினைக்க முடியாது. இந்த நாட்டில் ஒருமுறை முழுதாகவே திரும்பிப் போயிருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப்பின் 1870இல், இனம் பார்த்து ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்ற 15ஆம் திருத்தம் வந்தது, மிசிசிப்பியிலிருந்து ஒரு கறுப்பினத்தவர் செனட்டுக்கே போனார். பிறகு ஒவ்வொரு மாநிலமாகப் புது அரசியலமைப்பு எழுதின. இனம் என்ற சொல்லையே தொடாமல் வரி, தேர்வு, பாட்டனார் ஓட்டுப் போட்டவரா என்ற நிபந்தனை. லூயிசியானாவில் 1896இல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். 1904இல் 1,342 பேர். 1901இல் வட கரோலினாவின் கறுப்பின உறுப்பினர் ஜார்ஜ் ஹென்றி வைட் காங்கிரஸில் விடைபெற்றுப் பேசியபோது, இது தற்காலிக விடைபெறல்தான், மீண்டும் வருவோம் என்றார். தெற்கிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர் வந்து அமர 1973 ஆயிற்று. 72 ஆண்டுகள். 15ஆம் திருத்தம் அத்தனை ஆண்டுகளும் புத்தகத்தில் ஒரு எழுத்து மாறாமல் அப்படியேதான் இருந்தது.

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மா எப்படி ஓட்டுப் போடுகிறாள் என்று பலர் கேட்பார்கள். வாக்குரிமைச் சட்டத்தில் 1982இல் சேர்த்த 208ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. பார்வையில்லாதவர், உடல் இயலாதவர், எழுதப் படிக்க முடியாதவர், தனக்கு விருப்பமான ஒருவரைச் சாவடிக்குள் கூட்டிப் போகலாம். முதலாளியாகவோ தொழிற்சங்கத்தின் ஆளாகவோ மட்டும் இருக்கக் கூடாது. நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவோடு உள்ளே போகிறேன். ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன். யாருக்கு என்று அவள்தான் விரல் வைக்கிறாள். போன ஒரு தேர்தலில் நான் முகம் சுளித்த ஒருவருக்கு என் கண்முன்னாலேயே போட்டாள். "எனக்கு யாரைப் பிடிக்குதோ அவுகளுக்குத்தான்" என்றாள்.

அந்த 208ஆம் பிரிவும் இப்போது ஆடுகிறது. அர்கன்சாவில் ஒருவர் ஆறு பேருக்கு மேல் இப்படி உதவக் கூடாது என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. அதை எதிர்த்து அங்கு புலம்பெயர்ந்தோருக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. 2025 ஜூலையில் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தப் பிரிவின் கீழ் தனியார் யாரும் வழக்குத் தொடுக்க முடியாது என்றது. அப்படியானால் அரசு வழக்குப் போட்டால்தான் உண்டு. அந்த வட்டாரத்தில் ஏழு மாநிலங்கள், ஜார்ஜியா அதில் இல்லை. ஆனாலும் படித்த அன்று எனக்கு அந்தப் பத்தே நிமிட அலுவலகம்தான் ஞாபகம் வந்தது. உரிமை சட்டத்தில் இருக்கும், கேட்கப் போகும் வாசல் மட்டும் மூடியிருக்கும். இனப் பாகுபாட்டை நாடு முழுக்கத் தடுக்கும் 2ஆம் பிரிவின் கதையும் கவலைதான். 2023இல் அலபாமா தொகுதி வரைபட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் காப்பாற்றியது. அதனால் அலபாமாவுக்கு இரண்டாவது கறுப்பினப் பிரதிநிதி கிடைத்தார். பிறகு லூயிசியானா தொகுதி வரைபட வழக்கில் அதே பிரிவு மறுபடி கேள்விக்குள்ளாகி, 2025 அக்டோபர் 15 அன்று இரண்டாம் முறையாக வாதம் நடந்தது. 2025 நவம்பரில் நான் இதை எழுதியபோது தீர்ப்பு வந்திருக்கவில்லை.

அந்த வாதம் நடந்த வாரத்தில்தான் அம்மாவும் நானும் முன்கூட்டிய வாக்களிப்புக்குப் போனோம். மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில ஆணையத்துக்கான தேர்தல். பெரிய தேர்தல் இல்லை, பலருக்கு நடப்பதே தெரியாது. கரண்ட் பில் ஏறிக்கொண்டே போவதில் அம்மாவுக்குக் கோபம். 76 வயதில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனாள்.

2025 நவம்பரில் கோவில்பட்டியிலிருந்து சித்தி போன் பண்ணினாள். தமிழ்நாட்டிலும் அந்த மாதம் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தது. வீட்டுக்கு வந்த அலுவலர் இரண்டு படிவம் கொடுத்திருக்கிறார். பழைய பட்டியலில் யார் பெயர், எந்தப் பாகம் என்று என்னென்னவோ கேட்டிருக்கிறது. "எனக்கு ஒண்ணும் விளங்கலைக்கா, அப்படியே வச்சிட்டேன். வயசான காலத்துல இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்றாள் சித்தி.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அம்மா சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அப்படியெல்லாம் வச்சிராத. இன்னைக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைய உக்காரவச்சு எழுது. ரெண்டு தாள் குடுத்திருக்காகள்ல? ஒண்ண அவுககிட்டக் குடுத்துட்டு, இன்னொண்ணுல கையெழுத்து வாங்கி வச்சுக்கோ. சாமி படத்துக்குப் பின்னால வைக்காத. பீரோவுல வை."